பெயர் தெரியாத மலைச்செடி: கூகுள் லென்ஸா, ஐநேச்சுரலிஸ்ட்டா?

கொடைக்கானல் பக்கம் வேலியோரத்திலோ சோலைக்குள்ளோ புதுச்செடி கண்ணில் பட்டால் எல்லோரும் முதலில் திறப்பது கூகுள் லென்ஸைத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஐநேச்சுரலிஸ்ட் கட்சி; செடி, பூச்சி, பறவைப் படங்களைப் பதிவேற்றினால் செயலியும் மற்ற பயனர்களும் பெயர் சொல்ல உதவும் தளம் அது.

வேகத்தில் லென்ஸுக்கு ஈடில்லை. உண்ணிச்செடி, ஊமத்தை, யூகலிப்டஸ், வீட்டு வாசல் ஹைட்ரேஞ்சியா என்றால் அதுவே போதும்.

சோலைக்குள் போனதும் கதை மாறுகிறது. லென்ஸ் பெரும்பாலும் சாயலைப் பார்க்கிறது; இணையத்தில் எந்தச் செடியின் படம் குவிந்து கிடக்கிறதோ அதன் பெயரைத்தான் சொல்கிறது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் குறிஞ்சி இனங்கள் பல. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, 2018இல் மலையையே நிறைத்தது அவற்றில் ஒன்றுதான். ஆனால் நீலமாக எதைக் காட்டினாலும் லென்ஸுக்கு நீலக்குறிஞ்சிதான். காட்டுக் காசித்தும்பைகளைக் காட்டினால் நர்சரி பால்சம் வந்து நிற்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட்டில் இடமும் தேதியும் படத்துக்குச் சமம். அந்தப் பகுதியில் இருக்கக்கூடிய செடிகளை முன்னிறுத்தித்தான் பரிந்துரையே வருகிறது. அதற்குப் பிறகு மனிதர்கள் பார்க்கிறார்கள். குறைந்தது இரண்டு பேர், கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அந்தப் பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’ (Research Grade) என்ற முத்திரை. அதன் பின்னும் யாராவது வந்து பெயரைத் திருத்தலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்: லென்ஸ் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு என்னோடே தங்கிவிடும்.

படம் எடுக்கும் பழக்கமும் மாறுகிறது. காசித்தும்பை என்றால் பூவின் முகம் மட்டும் போதாது. பின்னால் வால்போல நீளும் குழல் தெரிய, பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். இலையின் அடிப்புறம், தண்டு எல்லாம் சேர்த்துத்தான் ஒரு பதிவு. ஜிபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் இடத்தகவல் உதிர்ந்துபோயிருக்கும். அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிட்ட ஆர்க்கிட் போன்றவற்றின் இடத்தைத் தளமே சுமார் 20 கி.மீ. கட்டத்துக்குள் மங்கலாக்கிவிடும். பறித்துப்போகிறவர்கள் இருக்கிற ஊரில் இது சின்ன வசதியல்ல.

ஐநேச்சுரலிஸ்ட்டில் மனிதர்களின் பதில் அன்று மாலையே வரலாம், வராமலே கிடக்கலாம். புல், பெரணி பக்கம் நான் அதிகம் போனதில்லை. அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிரெஞ்சுக்காரர்களின் செடி அடையாளச் செயலியான பிளான்ட்நெட்டையும் சாலையோரக் களைகளுக்கு மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ரோஜாவுக்குப் பெயர் வேண்டுமா? லென்ஸுக்கே போங்கள். நட்டு வளர்த்த செடியை ஐநேச்சுரலிஸ்ட் தனியாக ஒதுக்கி வைத்துவிடும், அங்கே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.