புனலூர் டியூனிங் கடை: டர்போ வண்டியின் தயக்கத்துக்கு நல்ல வைத்தியம்

தென்காசி, செங்கோட்டை பக்கம் டர்போ பெட்ரோல் வண்டி வைத்துக்கொண்டு, மிதித்ததும் வண்டி ஒரு நொடி யோசிக்கிறது என்று புலம்புகிறவர்கள் புனலூரில் இருக்கும் இந்தச் சின்ன டியூனிங் கடைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பெரிய போர்டெல்லாம் கிடையாது, பெயரும் நம்பரும் வேண்டுவோர் தனியாகக் கேளுங்கள், தருகிறேன்.

என்னுடையது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். புளியரை எஸ் வளைவில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்துவிட்டு, வளைவு தாண்டி இடம் கிடைத்ததும் மிதித்தால், 1,800 ஆர்பிஎம் பக்கத்தில் இழுவை அப்படியே அறுந்துபோகும், பிறகு திடீரென்று பாயும். ஓவர்டேக்கில் பாதி ஏறிய நேரத்தில் இது நடந்தால் எவ்வளவு ஆபத்து! சர்வீஸ் சென்டரில், "டர்போ லேக் சார், எல்லா வண்டிலயும் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். லேக் வேறு, இது வேறு. எக்ஸாஸ்ட் வேகம் பிடித்து டர்போவின் டர்பைனை (காற்றை அழுத்தித் தள்ள உதவும் சக்கரத்தை) சுழற்றும்வரை இழுவை மெதுவாக ஏறும், அதுதான் லேக். ஏறிக்கொண்டிருக்கும் இழுவை நடுவில் குறைகிறது என்றால் எங்கோ கோளாறு.

ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் திருத்தும் டியூனிங்) என்ன விலை என்று கேட்டதற்கு, கடைக்காரச் சேட்டன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. "அண்ணா, வண்டிக்கு அசுகம் உண்டோன்னு முதல்ல நோக்கட்டே" என்று பானெட்டைத் திறந்தார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இன்டேக் குழாயில் புகையைச் செலுத்திப் பார்த்தார். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் அருகே வெண்புகை மெல்லிய நூலாகக் கிளம்பியது. அந்த இடத்தில் ஆயில் கசிவில் தூசி அப்பி ஒரு கறுப்பு வளையம் வேறு, அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று அங்கே வீணாகிக்கொண்டிருந்தது. அப்புறம் ஸ்பார்க் பிளக், முனை தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற ஏற அந்த இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும், கிடைக்காவிட்டால் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாது. கிளாம்ப்பும் பிளக்கும் மாற்றி, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சுத்தம் செய்ததிலேயே பாதி சரியாகிவிட்டது.

மீதிப் பாதிக்குத்தான் டியூனிங். வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, தென்மலை ஏற்றத்தில் என்னையே ஓட்டச் சொல்லி லாக் (ஓட்டத்தின்போது எஞ்சின் தரும் எண்களின் பதிவு) எடுத்தார். திரையில் காட்டினார் பாருங்கள், என் கால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்திருக்கிறது, ஆனால் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் வால்வு ஒரு கணம் பாதி மூடிக்கொள்கிறது! டார்க் (முறுக்குவிசை) நிர்ணயித்த வரம்பைத் தாண்டியதாக ஈசியு, அதாவது எஞ்சின் கணினி, கணக்குப் போட்டு, தானே காற்றை அடைக்கிறது. அவர் பெடல் மேப்பையும் (மிதிக்கும் அளவுக்கு எவ்வளவு இழுவை என்ற கணக்கு) டார்க் அட்டவணையையும் திருத்தி, பூஸ்ட் சீராக ஏறும்படி செய்தார். மறுபடி ஓட்டம், மறுபடி லாக், மறுபடி திருத்தம். நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வந்து, அதனால் ஈசியு பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறதா என்பதையும் விடாமல் பார்த்தார். உச்ச பூஸ்ட்டைக் கூட்டவில்லை, கிளட்ச் தாங்க வேண்டுமே என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, குதிரைசக்தி எண்ணுக்காகப் போகிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது.

எல்லாம் சேர்த்து ரூ.28,000 ஆனது. ஈசியுவின் பழைய ஃபைலை பென் டிரைவில் கொடுத்துவிட்டார். டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) கிடையாது, அதனால் பவர் எவ்வளவு என்று சீட்டு தரமாட்டார்கள். முன்கூட்டியே நேரம் வாங்கிப் போனாலும் காக்க வைக்கிறார்கள், குடும்பத்தோடு போனால் உட்கார இடமில்லை. வாரண்டி இருக்கும் வண்டிக்கு ரீமேப் செய்தால் எஞ்சின் வாரண்டி கைவிட்டுப் போகலாம், சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் செய்ததெல்லாம் அழிந்துவிடும், இரண்டையும் அவரே முதலில் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த அறுபடல் சுத்தமாக இல்லை. லாரியைத் தாண்டும்போது கால் சொன்னபடி வண்டி கேட்கிறது. ஏசி போட்டு 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே மிதித்தால் மட்டும் கொஞ்சம் சோம்பல் இருக்கிறது, அந்த வேகத்தில் டர்போவைச் சுழற்றும் அளவுக்கு எக்ஸாஸ்ட் வருவதில்லை, அதற்கு ஒரு கியர் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.