மூன்றரை வருடம் ஒரு சின்ன வெல்டிங் மெஷினோடு: சண்டை முழுக்க எர்த் கிளாம்ப்போடுதான்

போன வாரம்தான் என் வெல்டிங் மெஷின் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே நண்பன் போன் செய்து, "வீட்டுல சின்னச் சின்ன வேலைக்கு ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன், உன்னோடதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நிதானமாக எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

என்னுடையது 200 ஆம்பியர் என்று நெற்றியில் எழுதிய, தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய இன்வெர்ட்டர் ரகம் (கரண்ட் போனால் ஓடும் வீட்டு இன்வெர்ட்டர் இல்லை, எலக்ட்ரானிக் போர்டால் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் வெல்டிங் மெஷின்). ராடு, அதாவது பூச்சு பூசிய, உருகி இணைப்பாகிவிடும் கம்பி, அதை வைத்து மட்டும்தான் வெல்டிங். மிக், டிக் என்ற மற்ற வகை வெல்டிங் எல்லாம் கிடையாது, எனக்கு அவை தேவைப்படவும் இல்லை. ஒரு வொர்க் டேபிள், செடித் தொட்டி ஸ்டாண்டுகள், சைக்கிள் ஸ்டாண்டு, கேட்டில் உடைந்த கீல் என்று இதுவரை செய்ததெல்லாம் 2.5 மி.மீ. கனமுள்ள 6013 ரக ராடில், 70 முதல் 85 ஆம்பியருக்குள் முடிந்துவிட்டது.

மெஷினை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் குறை சொல்ல வாய் வராது. ராடை உரசும்போது ஒரு கணம் கரண்ட்டைக் கூட்டிக் கொடுத்து ஆர்க்கை (ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியை) பிடித்துத் தருகிறது. ராடு ஒட்டிக்கொண்டால் உடனே கரண்ட்டை இறக்கிவிடுகிறது, அதனால் ராடு பழுக்கச் சிவந்து பூச்சு உதிர்வதில்லை. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய கனத்தையும் அதன் உறுமலையும் அறிந்தவர்களுக்கு, ஐந்து கிலோவில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும் இந்தப் பெட்டி பெரிய விடுதலை.

வீட்டு லைன் தாங்குமா என்றுதான் புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் பயப்படுகிறார்கள். 80 ஆம்பியரில் ஆர்க்கின் வோல்டேஜ் ஏறக்குறைய 23. பெருக்கினால் 1,850 வாட் போல வரும், மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 2,200. சின்ன இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைவு என்பதால் 230 வோல்ட் லைனில் 13, 14 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும். அதே மெஷினை 200 வரை திருகினால் வெளியே போவதே 5,600 வாட். எந்த வீட்டுப் பிளக்கும் அதற்கானதல்ல. அதனால் 200, 250 என்ற எண்களுக்கு மயங்கத் தேவையில்லை. பின்னால் இருக்கும் தகட்டில் டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். என்னுடையதில் 200 ஆம்பியருக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் வெல்ட், ஏழு நிமிடம் ஓய்வு என்று அர்த்தம். கரண்ட் குறையக் குறைய ஓய்வும் குறையும், 110 ஆம்பியருக்குக் கீழே நிறுத்தாமலே ஓட்டலாம். 2.5 ராடு ஒன்று ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, அடுத்த ராடு மாட்டுவதற்குள் மெஷின் மூச்சு வாங்கிக்கொள்ளும். மூன்றரை வருடத்தில், சூடு மிஞ்சினால் எரியும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது இரண்டே முறை.

சரி, இப்போது எர்த் கிளாம்ப்.

வெல்ட் செய்யும் இரும்பைக் கவ்விக்கொண்டு, கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வர வழி கொடுக்கும் பிடி. பெட்டியில் கூடவே வந்தது அது. மெல்லிய தகட்டை மடித்து, நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்த சமாச்சாரம். துணி காயப்போடும் கிளிப்பைப் பெரிதாக்கியது போல இருக்கும். கேபிள் ஒரு தாடையில் மட்டும்தான் முடுக்கப்பட்டிருந்தது. மறு தாடைக்குக் கரண்ட் போக வேண்டுமானால் நடு ஆணி வழியாகவும் ஸ்பிரிங் வழியாகவும்தான் போக வேண்டும். இதையெல்லாம் வாங்கிய அன்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது.

முதல் ஒன்றரை வருடம் ராடு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் உரசினால் பொறி மட்டும் பறக்கும், ஆர்க் நிற்காது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். ராடில் ஈரம் ஏறிவிட்டது என்று வெயிலில் காயவைத்தேன், வேறு கம்பெனி பாக்கெட் மாற்றினேன். ஆர்க் நிற்கட்டும் என்று ஆம்பியரைக் கூட்டினேன், அப்போது திடீரென்று தொடர்பு சரியாகி, 1.6 மி.மீ. ஸ்கொயர் டியூபில் ஓட்டை விழுந்தது. வெட்டி அளந்து கோணம் பார்த்து வைத்த ஒரு ஸ்டாண்டு காலை அப்படி இரண்டு முறை வீணாக்கினேன். வெல்டிங் நமக்கு வராது என்று மெஷினை மூடி வைத்து மூன்று மாதம் தொடாமலே இருந்தேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சல் வருகிறது.

உண்மை தெரிந்தது என் தம்பியால். ஒரு ராத்திரி அவன் இரும்பு ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பி நின்றான். நான் ராடை உரசியதும், "அண்ணா, இங்கேயும் பொறி வருது" என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது எர்த் கிளாம்ப்பை. ஹெல்மெட் போட்டிருக்கும் என் கண்ணுக்கு அது என்றைக்குமே தெரிந்திருக்காது. தாடையின் பற்கள் நீலம் பாரித்திருந்தன. இரும்பு அந்த நிறத்துக்கு வர 300 டிகிரிக்குப் பக்கம் சூடாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாம்ப் பிடித்த இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே 80 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் அங்கே போய்விடும், 320 வாட் வெப்பமாகும். ஒரு 25 வாட் சாலிடரிங் அயர்ன் எப்படிச் சுடும் என்று தெரியுமல்லவா? அதில் பன்னிரண்டை ஒரே இடத்தில் வைத்தது போல. அந்தச் சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் பிடி குறையும், பிடி குறைந்தால் சூடு இன்னும் ஏறும். தொட்டும் தொடாமலும் இருக்கிற இணைப்பில் எவ்வளவு நல்ல மெஷினாலும் ஆர்க்கை நிலையாகப் பிடித்து வைக்க முடியாது.

மறுநாளே திருகிப் பிடிக்கும் பித்தளை கிளாம்ப் வாங்கினேன். பெயின்டையும் துருவையும் கிரைண்டரில் எடுத்துவிட்டு, பளபளவென்று தெரிகிற இரும்பில் அதை முடுக்கி 75 ஆம்பியரில் உரசினேன். ஆர்க் உடனே பிடித்தது, கடைசிவரை நின்றது. வெல்ட்டின் மேல் ஓடு போலப் படியும் ஸ்லாக் தானாகச் சுருண்டு உரிந்தது, கீழே பீடு, அதாவது வெல்ட் வரி, அடுக்கடுக்காக இருந்தது. அதே கை, அதே ராடு, அதே மெஷின். அன்றைக்கு ராத்திரி தூங்கவே மனம் வரவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தது என் தவறு. கிளாம்ப்பை மாற்றினேனே ஒழிய கேபிளை மாற்றவில்லை. போன மாதம் மெஷினின் முகத்தில் கேபிள் செருகும் இடம் உருகிப் போனது. ரிப்பேர் செய்தவர் பழைய கேபிளை வெட்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், இழைகளின் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பில் 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும், போதாததற்குத் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக் கொடுத்து இணைப்பு தளர்ந்துவிடும். "போர்டு நல்லா இருக்கு சார், கேபிள்தான் மெஷினைச் சாப்பிட்டிருக்கு" என்றார். என் பங்கும் இதில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். செருகி முழுதாக முறுக்கினேனா என்று ஒவ்வொரு முறையும் பார்த்திருக்க வேண்டும். கிரைண்டரைப் பக்கத்திலேயே வைத்து ஓட்டியதால் போர்டில் இரும்புத் தூள் அடை அடையாகப் படிந்திருந்தது, அதையும் அவர்தான் ஊதி எடுத்தார். (நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.) இப்போது 25 சதுர மி.மீ. செப்பு கேபிள், எர்த்துக்கு ஐந்து மீட்டர், ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கு நான்கு மீட்டர். பழையது இரண்டு மீட்டர்கூட இல்லை, வேலையைத் தேடி மெஷினை இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

நண்பனிடம் என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று அவனும் கேட்டான். தொழில் தெரிந்த வெல்டர் இந்த மெஷினை வாங்கினால் பெட்டியைப் பிரித்ததும் அந்தக் கிளாம்ப்பைத் தூக்கி மூலையில் போடுவார். ஆனால் இது விற்கப்படுவது அவருக்கு இல்லை, இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போகிற என் நண்பன் போன்றவர்களுக்கு. ராடு ஒட்டினால் அது கையா, ஈரமா, ஆம்பியரா, எர்த்தா என்று பிரித்தறிய அவனால் முடியாது. அவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வான், நான் சொல்லிக்கொண்டது போல. இவ்வளவு நல்ல போர்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு பித்தளைத் துண்டு வைக்க மனம் வராதது எனக்குப் பொறுக்கவில்லை. கேபிள் இல்லாமல் மெஷினை மட்டும் கொடுப்பவர்கள் இருந்தால் அங்கே வாங்கு, 160 ஆம்பியர் போதும், மிச்சத்தில் நல்ல கேபிளும் கிளாம்ப்பும் ஆர்க் எரிந்ததும் தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டும் எடு என்று சொன்னேன்.

வாங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் என் மெஷினில் பழக வருகிறான். பழைய கிளாம்ப்பை நான் தூக்கிப் போடவில்லை. முதல் நாள் அதை மாட்டி இரண்டு ராடும், பித்தளையை மாட்டி இரண்டு ராடும் ஓட்டச் சொல்லப் போகிறேன். அந்த வித்தியாசம் முதலிலேயே அவன் கைக்குத் தெரிந்துவிட வேண்டும்.