தொடர்மாடியா, புறநகர்க் காணியா, பாழ்வளவா?

யாழ்ப்பாண நகரில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு வீடு என்றால் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. அரச காணியில் தொடர்மாடி கட்டுவது ஒன்று. நகருக்கு வெளியே காணியைத் துண்டு பிரித்துத் தனி வீடுகள் கொடுப்பது இன்னொன்று. ஊருக்குள் ஆளில்லாமல் கிடக்கும் வளவுகளையும் பழைய வீடுகளையும் திருத்திக் குடியேற்றுவது மூன்றாவது. எல்லோரும் முதலில் கேட்பது சதுர அடிக்கு எவ்வளவு என்றுதான். இந்த ஊரில் அதற்கு முன் கிணற்றையும் காணி உறுதிப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும்.

நகரில் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, வளவுக்கு வளவு மலக்குழிதான். மேலே மெல்லிய மண், கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். குழிநீர் வடிபடாமலே அடுத்த கிணற்றுக்குப் போய்விடும். அதனால்தான் கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி கேட்கிறார்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபை விதிகளில் பொதுவான மிகச் சிறிய துண்டு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். அதை 30 அடிக்கு 54 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் என்றால் உங்கள் வளவுக்குள் 50 அடி தேறும். ஆனால் பக்கத்து வளவுக்காரர் எல்லையோரமாகக் கிணறு வெட்டினால், அது உங்கள் குழியிலிருந்து பத்தடியில் நிற்கும்.

புறநகர்த் திட்டம் இடறுவது இங்கேதான். விலை குறைந்த காணி பெரும்பாலும் பள்ளக்காணி அல்லது வயல். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்து நிரப்பினாலும், கார்த்திகை மார்கழி வெள்ளம் அயலாரின் வளவுக்குத் திரும்பும். குழாய்நீர் வந்தால் குடிநீர்ப் பிரச்சினை தீரும், கழிவுநீர்ப் பிரச்சினை கூடும். பாவிக்கும் தண்ணீர் கூடக்கூட நிலத்துக்குள் இறங்கும் கழிவும் கூடுகிறது.

தொடர்மாடியில் கழிவை ஒரே இடத்தில் சுத்திகரிக்கலாம். அதன் பெரிய பலம் அதுவே. சுத்திகரிப்பு நிலையத்தின் மின் கட்டணத்தையும் பராமரிப்பையும் யார் கட்டுவது என்று முதல் நாளே எழுதாவிட்டால் அது நின்றுபோகும். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டப்படி வீட்டுக்கு வீடு உறுதி பதியப்படாவிட்டால், குடியிருப்பவர் அதை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுக்க முடியாது. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றருக்குக் குறையாமல் கொங்கிறீற்று இருக்க வேண்டும். கடல் மணல் கலந்தால் கம்பி துருப்பிடித்துத் தட்டு பிளந்து விழும். குருநகர், பாசையூர் போன்ற மீனவர் வாழும் இடங்களில் வலையும் இயந்திரமும் வைக்கக் கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்காத வரைபடத்தை ஏற்கவே கூடாது. காணியே இல்லாத குடும்பங்களுக்குத் தொடர்மாடிதான் வழி.

நாம் முதலிடம் கொடுப்பது பாழ்வளவுகளுக்கு. ஒழுங்கை, மின்கம்பம், பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கின்றன. சிக்கல் உறுதியில்தான். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் பிரிந்து கிடப்பார்கள். ஒருவர் தன் பங்கை விற்கப் போனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் வாங்கும் உரிமை, உண்டு. பங்குகளைப் பிரித்துத் தரும்படி 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டப்படி வழக்கு வைத்தால் ஆண்டுக்கணக்கில் இழுபடும். ஆகவே வாங்குவதை விட்டுக் குத்தகையைப் பாருங்கள். திருத்தச் செலவை வாடகையில் கழித்து, எல்லாப் பங்காளிகளின் அற்றோணித் தத்துவத்துடன் (அவர்கள் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) நொத்தாரிசு முன் எழுதுவது நல்லது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு நொத்தாரிசு உறுதி சட்டப்படியே தேவை. பத்து வருடம் இருந்தவர் காணியைச் சொந்தமாக்கிவிடுவார் என்ற உரிமையாளரின் பயத்தையும் அது தணிக்கும், ஏனெனில் அனுமதியோடு இருப்பது எதிரிடை ஆட்சி, அதாவது உரிமையாளருக்கு எதிராகக் காணியைத் தனதென்று ஆள்வது, அல்ல.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு போடாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உதிரும். சுண்ணாம்புச் சாந்தே போதும்.

புதிதாகக் கட்டினால் பணத்தை ஒப்பந்தகாரரிடம் கொடுப்பதா, குடும்பத்திடம் கொடுப்பதா என்ற கேள்வி வரும். போருக்குப் பின் இந்திய அரசின் நிதியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டினர். 2012 இலிருந்து பெரும்பாலான குடும்பங்களுக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. குடும்பத்தின் கையில் கொடுப்பதே மேல், வேலையின் தரத்தை அவர்களே நின்று பார்ப்பார்கள். ஆனால் அத்திவாரத்தைப் பெரிதாக வெட்டிக் கடனில் விழுந்தவர்கள் பலர். எனவே முதல் கட்டப் பணத்துக்கு முன் நூல் கட்டி அளந்து பாருங்கள். பின்னர் நீட்டுவதற்கு விட்ட கம்பி முனைகளுக்குச் சீமெந்துக் கரைசல் பூசுங்கள்.

இப்படி நாலைந்து வீடுகள் சேரும் ஒழுங்கையில் ஒவ்வொருவரும் தனிக் கிணறு வெட்ட வேண்டாம். ஒரு முனையில் பங்குக் கிணறு, மறுமுனையில் குழிகள் என்று வைக்கலாம். கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் உறுதியில் எழுதுவது நமக்குப் பழகிய முறைதான். குழி இரண்டு அறைகளாக இருக்கட்டும், அடி கொங்கிறீற்றால் அடைபடட்டும். அடிக்கடி அள்ளத் தேவையில்லை என்று மேசன் அடியைத் திறந்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. மூடி போடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் கடைசிக் கட்டப் பணத்தை விடாதீர்கள்.