ஆர்கோ சிடி ரிவ்யூ: ஆக்டோபஸ் கையில கிளஸ்டர குடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு

மொதல்லயே சொல்லிடறேன், ஆர்கோ சிடின்னா கிட்ல (கோடையும் அதுல வந்த மாத்தத்தையும் சேத்து வைக்கற எடம்) எழுதி வச்சத பாத்து சர்வர்ல புது வெர்ஷன தானா ஏத்தி விடற டூல், இது அத எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு சொல்ற போஸ்ட் இல்ல, அதுக்கு யூட்யூப்ல கொட்டிக் கெடக்கு. நாங்க பெங்களூர் பெல்லந்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, பேக்கெண்ட்ல நாலு பேரு, அதுல மூணு பேரு தமிழ், இருபது சொச்சம் சர்வீஸ், ஒரே ஒரு குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (எல்லா சர்வீஸையும் ஓட்டி பாத்துக்கற சர்வர் கூட்டம்). டெவ்ஆப்ஸ்னு (டெப்ளாய்மென்ட், சர்வர் வேலைய பாத்துக்கற) தனியா ஆள் கிடையாது, "நீதான யாமல் நல்லா எழுதுவ"ன்னு சொல்லி என் தலைல கட்டிட்டாங்க. யாமல்னா கிளஸ்டருக்கான செட்டிங் எழுதற ஃபைல்.

ஆர்கோவுக்கு முன்னாடி எங்க டெப்ளாய்மென்ட் (புது கோட லைவ்ல ஏத்தறது) எப்படி இருந்துச்சுன்னா, ஆளாளுக்கு லேப்டாப்ல கிளஸ்டர் சாவி வச்சிருந்தோம், கோட் முடிஞ்சா டாக்கர் பில்ட் (ஆப்ப இமேஜ்னு ஒரு பொட்டலமா கட்டறது), புஷ் (அத ரெஜிஸ்ட்ரிங்கற குடோனுக்கு அனுப்பறது), அப்புறம் குப்கட்டில் அப்ளை (யாமல நேரா கிளஸ்டர்ல ஏத்தற கமாண்ட்), முடிஞ்சது கதை. ஜென்கின்ஸ்னு ஒரு பில்ட் டூல் ஓரமா ஓடிட்டு இருந்துச்சு, ஆனா அதோட ஸ்கிரிப்ட் கடைசி ஸ்டெப்லயும் அதே குப்கட்டில் அப்ளைதான். பிரச்சனை வேகத்துல இல்ல, வேகமாதான் போச்சு. பிரச்சனை என்னன்னா ராத்திரி ஏதோ ஒரு சர்வீஸ் மெமரி பத்தாம விழுந்துடும், யாரோ ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல லிமிட்ட நேரா கிளஸ்டர்ல ஏத்தி விட்டுட்டு படுத்துடுவான், ஃபைல்ல மாத்த மாட்டான், ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒருத்தன் பழைய ஃபைல அப்ளை பண்ணுவான், மறுபடி விழும், மறுநாள் ஸ்டாண்ட்அப்ல பதினஞ்சு நிமிஷம் "யார்றா மாத்துனது"ன்னு பஞ்சாயத்து. நாலே பேரு இருக்குற டீம்ல நாலு பேரும் நான் இல்லன்னு சொன்னா கடுப்பு எப்படி வரும்.

இந்த பஞ்சாயத்து தாங்காமதான் ஆர்கோ சிடிக்கு வந்தோம். இன்ட்யூட் கம்பெனிக்குள்ள 2018 வாக்குல பொறந்தது, இப்ப சிஎன்சிஎஃப்ங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்பு கையில இருக்கு, 2022 டிசம்பர்ல கிராஜுவேட் ஆன (அவங்க குடுக்கற மேல் தரம் வாங்குன) ப்ராஜெக்ட், அப்பாச்சி லைசன்ஸ், காசு கிடையாது. கிட்ல எழுதினபடியே கிளஸ்டர வச்சுக்கற இந்த ஸ்டைலுக்கு கிட்ஆப்ஸ்னு பேரு, 2017ல வீவ்வொர்க்ஸ் வச்ச பேரு, அந்த கம்பெனிய 2024ல மூடிட்டாங்க, பேரு மட்டும் ஓடிட்டு இருக்கு. லோகோ ஒரு ஆரஞ்சு கலர் ஆக்டோபஸ், பாக்க பாவமா இருக்கும், நம்பாதீங்க, புடிச்சா விடாது.

வேலை செய்யற விதம் சிம்பிள்தான். கிளஸ்டர் எப்படி இருக்கணும்னு கிட்ல எழுதி வைக்கறோம், எத்தன பாட் (ஓடற ஆப்போட ஒரு காப்பி), எந்த இமேஜ், எவ்ளோ மெமரி எல்லாம். ஆர்கோ கிளஸ்டருக்குள்ளயே உக்காந்துகிட்டு டீஃபால்ட்டா மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ கிட்ல எட்டிப் பாக்கும், உள்ள இருக்கறதும் எழுதி இருக்கறதும் ஒத்துப் போகலன்னா அவுட் ஆஃப் சிங்க்னு மஞ்சக் கலர் காட்டும், ஆட்டோ சிங்க் ஆன்ல இருந்தா கிட்ல வந்த மாத்தத்த தானா ஏத்திடும். மூணு நிமிஷம் கூட காத்திருக்க முடியாதுன்னா வெப்ஹூக் (மாத்தம் வந்த உடனே கிட் பக்கத்துல இருந்து ஆர்கோவ தட்டி எழுப்பறது) வச்சுக்கலாம், நாங்க வச்சிருக்கோம். வெளிய இருந்து யாரும் கிளஸ்டர தொட வேண்டியதில்ல, அதனால எல்லாரோட லேப்டாப்ல இருந்தும் ப்ரொடக்ஷன் சாவிய புடுங்கிட்டோம், எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

இங்க ஒரு விஷயம் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். இது இமேஜ் பில்ட் பண்ணாது. பில்ட் உங்க தலைவலி. நாங்க கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல (கிட்ஹப்போட ஆட்டோமேஷன் சர்வீஸ்) பண்றோம், மெயின் பிராஞ்ச்ல கோட் மெர்ஜ் ஆனா (சேந்தா) டெஸ்ட் ஓடும், இமேஜ் பில்ட் ஆகும், கமிட் (சேத்து வச்ச ஒரு மாத்தம்) நம்பரையே டேகா (இமேஜ் மேல ஒட்டற பேரு) போட்டு ரெஜிஸ்ட்ரிக்கு போகும், கடைசில இன்னொரு கிட் ரெப்போல (ப்ராஜெக்ட் ஃபோல்டர்) இருக்குற கஸ்டமைஸ்ங்கற யாமல் ஃபைல்ல அந்த டேக மாத்தி ஒரு கமிட் போடும், அந்த கமிட்ட பாத்துதான் ஆர்கோ எந்திரிக்கும். ஏன் இன்னொரு ரெப்போன்னா, ஆரம்பத்துல சோம்பேறித்தனத்துல ஒரே ரெப்போல கோடையும் யாமலையும் வச்சிருந்தோம், பைப்லைன் (இந்த பில்ட் வரிசை) போடற கமிட்டே மறுபடி பைப்லைன எழுப்பி விட்டுடுச்சு, அது ஒரு கமிட் போட, அது மறுபடி எழுப்பன்னு ராத்திரி பூரா செக்குமாடு மாதிரி சுத்தி இருக்கு. அந்த மாசத்துக்கு கிட்ஹப் ஃப்ரீயா குடுத்த 2000 பில்ட் நிமிஷத்துல ஒரு பெரிய துண்டு காலி. ஆர்கோ டாக்குமென்ட்லயே தனி ரெப்போ வைங்கன்னு எழுதி இருக்கான், படிச்சாதான.

அடுத்த கூத்து லேட்டஸ்ட் டேக். மொத நாள் எல்லாம் செட் பண்ணி ஜம்முனு இமேஜ் பில்ட் ஆகி போயிடுச்சு, ஆர்கோ ஸ்க்ரீன்ல பச்சப் பசேல்னு சிங்க்டு ஹெல்த்தின்னு இருக்கு, ஆனா ஆப்ல பழைய பட்டன்தான் வருது. ரெண்டு மணி நேரம் தேடுனோம். காரணம் என்னன்னா யாமல்ல இமேஜ் பேருக்கு பின்னாடி லேட்டஸ்ட்னு போட்டிருந்தோம், புது இமேஜ் வந்தாலும் அந்த எழுத்து மாறல, எழுத்து மாறலன்னா ஆர்கோவுக்கு எதுவுமே மாறல. அதுக்கு தெரிஞ்சது எழுதி வச்ச கணக்கு மட்டும்தான், கடைல என்ன சரக்கு இருக்குன்னு அது பாக்காது. ஒவ்வொரு பில்டுக்கும் தனி டேக் போடுங்க, இதுல பேச்சுக்கே எடமில்ல.

இப்ப மெயின் கதைக்கு வரேன். ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம், நான் சேலம் பஸ்ல ஏறிட்டேன், சில்க் போர்டு தாண்டவே முக்கா மணி நேரம், பொம்மசந்திரா தாண்டி அட்டிபெலே டோல் வரும்போது போன். டீம்லயே சின்னப் பையன், திருநெல்வேலி. "அண்ணா, பேமென்ட் பேஜ் வெள்ளையா வருதுண்ணா, இப்பத்தான் ஒரு மெர்ஜ் போச்சு." சரி தம்பி பதறாத, ஆர்கோல ஹிஸ்டரி போ, முந்தின வெர்ஷனுக்கு ரோல்பேக் குடுன்னேன். குடுத்தான். ஆட்டோ சிங்க ஆஃப் பண்ணாதான் ரோல்பேக் பண்ணுவேன், பண்ணட்டுமான்னு கேட்டுச்சாம், ஓகே அமுக்கிட்டான். பழைய வெர்ஷன் வந்துடுச்சு, பேஜும் வந்துடுச்சு. நானும் லேப்டாப்ப மூடிட்டு ஜன்னல்ல சாஞ்சேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு உள்ள நுழையறதுக்குள்ள மறுபடி போன். "அண்ணா, அது மறுபடி புது வெர்ஷனுக்கே போயிடுச்சுண்ணா, நான் ஒண்ணுமே தொடலண்ணா." எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறந்தான் மண்டைல ஒரைச்சுது. எங்க செட்டப்ல ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஆர்கோல ஒரு அப்ளிகேஷன் (கிட்ல எதப் பாக்கணும்னு சொல்ற பதிவு), அத்தனைக்கும் மேல ஒரு அப்பன் அப்ளிகேஷன், ஆப் ஆஃப் ஆப்ஸ்னு சொல்லுவாங்க. புள்ளைக்கு ஆட்டோ சிங்க் ஆன்ல இருக்கணும்னு அப்பனோட கணக்குல எழுதி இருக்கு, பையன் ஆஃப் பண்ணான், அப்பன் பாத்தான், எழுதினதுக்கு மாறா இருக்கேன்னு திரும்ப ஆன் பண்ணிட்டான், ஆன் ஆன உடனே புள்ள கிட்ல இருக்குற லேட்டஸ்ட் கமிட்டுக்கு ஓடிடுச்சு. பையன் அதுக்குள்ள பயந்துபோய் எமர்ஜென்சிக்குன்னு வச்சிருந்த சாவிய எடுத்து குப்கட்டில்ல ரோலவுட் அண்டூ (முந்தின வெர்ஷனுக்கு போற கமாண்ட்) வேற அடிச்சிருக்கான், செல்ஃப் ஹீல் (கிளஸ்டர்ல யாராவது கை வச்சா கிட்ல இருக்கறபடி திருப்பி வைக்கற செட்டிங்) சில செகண்டுல அதையும் பழையபடி ஆக்கிடுச்சு. மூணு தடவ அடிச்சானாம், மூணு தடவையும்.

பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு தாத்தா வேற, "தம்பி ஆஸ்பத்திரி விஷயமா"ன்னு கேக்கறார், என் மூஞ்சி அப்படி இருந்திருக்கு. கிட்ல போய் அந்த மெர்ஜ ரிவர்ட் பண்ணு தம்பின்னேன், பண்ணான், ஒரு நிமிஷம் கூட ஆகல, எல்லாம் பழையபடி. மொதல்லயே அதத்தான் சொல்லிருக்கணும். தப்பு எங்களோடது, கான்ஃபிக் மேப்ல (ஆப்போட செட்டிங் வைக்கற எடம்) ஒரு கீயோட பேர தப்பா எழுதி இருந்தோம், ஆர்கோ என்ன சொன்னமோ அத பண்ணுச்சு. ஆனாலும் அந்த நேரத்துல அவசரத்துக்கு ஒரு கதவு கூட தொறக்காத வீட்டுல மாட்டுன மாதிரிதான் இருந்துச்சு, இத நான் மைனஸாத்தான் எழுதுவேன். ரோல்பேக்னு ஒரு பட்டன் வச்சிட்டு, எங்க மாதிரி செட்டப்ல அது நெலைக்காதுன்னா, பட்டன் பக்கத்துலயே ஒரு வரி சொல்லணும்ல.

ஆனா திங்கக்கிழம ஸ்டாண்ட்அப் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. யார் மெர்ஜ் பண்ணா, என்ன மாறுச்சு, எத்தன மணிக்கு ரிவர்ட் ஆச்சு, எல்லாம் கமிட்ல இருக்கு, யாரும் நான் இல்லன்னு சொல்ல முடியாது, சொல்லவும் இல்ல. நான் இந்த டூலுக்கு மார்க் போடறது இதுக்குத்தான், ஆட்டோமேஷனுக்கு இல்ல. ஆட்டோமேஷன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்லயே வரும்.

இன்னொரு சண்ட, ரெப்ளிகா, அதாவது பாட் எண்ணிக்கை. யாமல்ல மூணு பாட்னு எழுதி இருந்தோம், கூடவே பாட் எண்ணிக்கைய தானா மாத்தற ஹெச்பிஏவும் போட்டிருந்தோம், கூட்டம் வந்தா எட்டு வரைக்கும் ஏத்திக்கோன்னு. ஆஃபர் போட்ட அன்னைக்கு ட்ராஃபிக் ஏறுது, ஹெச்பிஏ எட்டாக்குது, ஆர்கோ வந்து மூணுதான எழுதி இருக்குன்னு எறக்குது, அது ஏத்த இது எறக்க, மாமியார் மருமக வைக்கற சாம்பார்ல ஆளுக்கொரு தடவ உப்பு போட்ட கத. டெப்ளாய்மென்ட் யாமல்ல ரெப்ளிகாஸ் வரியவே எடுத்துடணும், அவ்ளோதான் வைத்தியம், இல்லன்னா இக்னோர் டிஃபரன்சஸ்ல (ஆர்கோ கண்டுக்க வேண்டாத வித்தியாசம்) சேக்கணும்.

சின்னச் சின்னது கொஞ்சம் இருக்கு. ஹெல்ம் சார்ட் (யாமல் எல்லாத்தையும் சேத்துக் கட்டின பொட்டலம்) குடுத்தா ஆர்கோ அத டெம்ப்ளேட்டா விரிச்சு எடுத்துதான் அப்ளை பண்ணும், அதனால இன்ஸ்டால் ஆனத காட்டற ஹெல்ம் லிஸ்ட் கமாண்ட் அடிச்சா ஒண்ணுமே வராது, எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு ஒரு நாள் நெஞ்சே நின்னுடுச்சு. பாஸ்வேர்டு மாதிரி ரகசியத்த எங்க வைக்கறதுங்கறதுக்கு இது பதில் சொல்லாது, சீல்டு சீக்ரெட்ஸோ எக்ஸ்டர்னல் சீக்ரெட்ஸோ தனியா போட்டுக்கணும், நாங்க ரெண்டாவது. ப்ரூன் (கிட்ல இல்லாதத கிளஸ்டர்லயும் அழிக்கறது) டீஃபால்ட்டா ஆஃப், அப்படியே விட்டா கிட்ல அழிச்ச சர்வீஸ் கிளஸ்டர்ல பேயா சுத்திட்டு இருக்கும், ஆன் பண்ணா ஃபோல்டர் பேர தப்பா மாத்துற அன்னைக்கு மொத்தமா போயிடும், நாங்க ஸ்டேஜிங்ல ஆன், ப்ரொடக்ஷன்ல ஆஃப். டேட்டாபேஸ் மைக்ரேஷன (டேபிள் அமைப்ப மாத்தறது) ப்ரீசிங்க் ஹூக்ல (சிங்க்குக்கு முன்னாடி ஓடற வேலை) ஓட விடறது அருமையா வேலை செய்யுது, அது ஃபெயில் ஆனா புது பாட் வரவே வராது.

ஸ்க்ரீன் பத்தி கண்டிப்பா சொல்லணும். டெப்ளாய்மென்ட்ல இருந்து ரெப்ளிகா செட், அதுல இருந்து பாட்னு மரம் மாதிரி விரிஞ்சு காட்டும், எந்த கெளை சிவப்பா இருக்கோ அத அமுக்குனா லாகும் ஈவென்ட்டும் அங்கயே வரும். இமேஜ் புல் பேக்ஆஃப், கிராஷ் லூப் மாதிரி எரர் எல்லாம் என்னன்னு அந்த திருநெல்வேலி பையன் இத பாத்துதான் கத்துகிட்டான், நான் குபர்நெட்டிஸ் கத்துக்கும்போது இது இருந்திருந்தா ஒரு வருஷம் மிச்சம். இதே வேலை செய்யற ஃப்ளக்ஸும் ட்ரை பண்ணோம், அதுவும் 2022ல கிராஜுவேட் ஆனதுதான், ஆள் நல்லவன், ஆனா கூடவே வர்ற ஸ்க்ரீன் கிடையாது, எங்க டீமுக்கு செட் ஆகல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ரோல்பேக் பட்டனுக்காக ஒண்ணு கொறைச்சாச்சு. ஒரு கிளஸ்டர், நாலஞ்சு பேரு கை வைக்கற எடம், இருபது சர்வீஸ்னா கண்ண மூடிட்டு போடலாம். போன மாசம் ஹெச்எஸ்ஆர் லேஅவுட்ல ஃப்ரெண்டு ஒருத்தன் காபி வாங்கிக் குடுத்து "மச்சி எனக்கும் செட் பண்ணிக் குடுடா"ன்னான், அவன்கிட்ட இருக்கறது ஒரே ஆப், ஒரே சர்வர், ஒரே ஆள். உனக்கு எதுக்குடா கிளஸ்டரே, ஒரே சர்வருக்கு போதுமான டாக்கர் கம்போஸ்ல ஓட்டுன்னு சொல்லி அனுப்பிட்டேன், காபிக்கு காசு நானே குடுக்க வேண்டியதாப் போச்சு.