ரிச்சி தெருவில் அப்பாவின் கைபேசி

நான் சென்னையில் இறங்கிய வாரமே அப்பாவின் ஆண்ட்ராய்டு கைபேசியில் பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில் டோக்கன் வாங்கி நெடுநேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்த இளைஞர் கைபேசியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், பேட்டரி மாற்றுவதானாலும் ரீசெட் செய்துதான் தருவோம், தகவல் போனால் மையம் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கும் படிவத்தில் கையெழுத்திடுங்கள் என்றார். பேக்கப் முழுமையாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். "எல்லாம் கிளவுடுல இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார்.

நான் வசிக்கும் பிராங்க்பர்ட்டிலும் இந்தக் கையெழுத்தைக் கேட்பார்கள். ஆனால் நேரம் ஒதுக்கித் தரும் மின்னஞ்சலிலேயே, வருவதற்கு முன் எதையெதைப் பேக்கப் எடுக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரின் விறைப்பைப் பற்றி வீட்டில் நான் புலம்பாத நாளில்லை. அன்றைக்கு அந்தக் கவுண்டருக்கு முன் நின்றபோது அதன் மேல் எனக்கு முதன்முறையாக மரியாதை வந்தது.

கையெழுத்திடாமல் வெளியே வந்து, கேசினோ தியேட்டர் பக்கமாக, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தோம். கல்லூரி நாட்களில் ரெசிஸ்டரும் கண்டென்சரும் சில்லறையாக எண்ணி வாங்கிய அதே சந்துதான். பலகைகள் மாறியிருக்கின்றன, நடக்க இடமில்லாத நெரிசல் மாறவில்லை. இரண்டு பேர் நிற்க முடியாத ஒரு கடையில், கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்த நடுத்தர வயதுக்காரர் அப்பாவின் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, பேட்டரி அரை மணி நேர வேலை, ரீசெட் எதுவும் தேவையில்லை, ஆனாலும் உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்கும்போது என்ன வேண்டுமானாலும் ஆகலாம், ஆகவே பேக்கப்பைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன் என்றார். கூட்டம் நெரியும் அந்தத் தெருவில், கூலி கேட்காமல் இதற்கென்று ஒருவர் நேரம் ஒதுக்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாட்ஸப்பின் அமைப்புகளில் பேக்கப் 'தினமும்' என்றுதான் காட்டியது. அவர் அதைச் சட்டை செய்யாமல், கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்ற வரியின் மேல் விரலை வைத்தார். தீபாவளிக்கு முந்தைய ஒரு தேதி அது. கூகுள் கணக்கு இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. முன்பு அந்தக் கணக்கில் சேராதிருந்த ஆண்ட்ராய்டு வாட்ஸப் பேக்கப்பும் 2024 முதல் அதற்குள்ளேயே எண்ணப்படுகிறது. குடும்பக் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களும் கோயில் உற்சவ வீடியோக்களும் அந்த இடத்தை அடைத்துவிட்டதால், பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது.

கூகுள் போட்டோஸிலும் அதே கதை. கேமராவில் எடுத்த படங்கள் மேலே போயிருந்தன. வாட்ஸப்பில் வந்த படங்களின் கோப்புறையைத் தனியாக இயக்கினால்தான் அவையும் போகும், அதை யாரும் இயக்கியிருக்கவில்லை. ஊரிலிருந்து பெரியப்பா அனுப்பிய பட்டா நகல் போனாலும் அரசின் இணையதளத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தாத்தா கையெழுத்திட்ட பாகப்பிரிவினைக் கடிதத்தின் படத்துக்கு எங்கே போவது? அப்பா வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்த பஜனைப் பதிவுகள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவற்றைக் கைபேசியிலேயே நேராகச் செருகும் ஓ.டி.ஜி. பென்டிரைவில் நகலெடுத்து, என் மடிக்கணினியில் ஒன்றிரண்டைத் திறந்து ஒலிக்கவிட்டுக் காட்டினார். வேறொரு கருவியில் திறந்து பார்க்காத வரை எதையும் பேக்கப் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அதே காரணத்துக்காகத்தான் கடைக் கணினியில் நுழைந்த சுவடு தங்காத மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, அப்பாவின் கணக்கில் நுழையச் சொன்னார். ஐரோப்பாவில் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு அது உறுத்தியது. அவரோ விசைப்பலகையை என் பக்கம் நகர்த்திவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடவுச்சொல்லுக்குப் பிறகு கூகுள் உறுதிப்படுத்தச் சொன்னது. அந்தக் கேள்வி வந்து நின்றதோ பழுதுக்குக் கொடுத்த அதே கைபேசியில். "பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வச்சுப் பூட்டுற மாதிரி சார் இது. ஃபோன் உயிரோட இருக்கும்போதே பாத்துக்கணும்" என்றார். மீட்புக்கென்று கொடுத்திருந்த எண்ணோ அப்பா எப்போதோ கைவிட்ட பழைய சிம்முடையது. அப்படி விடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடலாம் என்பது வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்கும் நம்மவர் பலருக்கும் உறைப்பதில்லை. அந்த எண்ணை நீக்கி என் தம்பியின் எண்ணைச் சேர்த்தோம். கைபேசி கையில் இல்லாதபோதும் கணக்கில் நுழைய கூகுள் தரும் எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்தையும் அப்பா வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பாதுகாப்பு வல்லுநர்கள் முகம் சுளிக்கலாம். எங்கள் வீட்டில் தொலையாத ஒரே நோட்டு அதுதான்.

தேவையற்ற வீடியோக்களை அழித்து, வாட்ஸப் பேக்கப்பைக் கையால் ஓடவிட்டு, தேதி மாறியதைப் பார்த்த பிறகே பின்மூடியைத் திறந்தார். புது பேட்டரிக்கும் மாட்டியதற்கும் மட்டும் காசு வாங்கினார். பேக்கப் பார்த்ததற்கு நான் நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார். பிராங்க்பர்ட்டில் இதற்குத் தனியாக ரசீது வந்திருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. வாட்ஸப் பேக்கப்பைக் கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் வசதியை இயக்கிவிடலாம் என்றேன். பெரியவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் வாட்ஸப் நிறுவனமே நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது, ஐயாவுக்கு இது வேண்டாம் என்றார் கடைக்காரர். அப்பாவும் அவர் பக்கமே சேர்ந்துகொண்டார். நான் கேட்கவில்லை, இரவு வீட்டில் அதை இயக்கி, கடவுச்சொல்லைத் தம்பியிடமும் கொடுத்து வைத்திருக்கிறேன்.