கொழும்பில் "சும்மா பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் ஏறாதீங்கோ

போன மாதம் கடைக்குச் சாமான் எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து புறக்கோட்டைக்கு வந்திருந்தேன். ஒரே நாளில் வேலை முடியவில்லை, மருதானைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கினேன். இரவு காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கித் தின்றுவிட்டு ஓட்டோவில் திரும்பும்போது கதையைத் தொடக்கினது நான்தான். பெரிய நகரம் என்றால் "அந்த மாதிரித் தெரு" ஒன்று இருக்கும் என்று சிநேகிதர்கள் கதைப்பதைக் கேட்டு வளர்ந்தவன். எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஓட்டோக்காரர் நல்ல தமிழில் சொன்னார்: "தம்பி, சும்மா பாத்துட்டு வரலாம். புடிக்காட்டி திரும்பிடுவோம்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மும்பையின் காமாட்டிபுரா, கொல்கத்தாவின் சோனாகாச்சி மாதிரி கொழும்பில் விபச்சாரத்துக்கென்று தனித்தெரு கிடையாது. விபச்சார விடுதி நடத்துவது 1889ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெருவில் நின்று ஆள் கூப்பிடுவது 1841ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை, இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அதனால் எல்லாம் மசாஜ், ஸ்பா என்ற பலகைகளுக்குப் பின்னால்தான். தெருவோடு நடந்து பார்த்துவிட்டுப் போகிற வசதி இங்கே இல்லை. உள்ளே போனால்தான் பார்க்கலாம், உள்ளே போனால் கதவு அவர்களுடைய கையில்.

ஓட்டோக்காரர் கொண்டுபோய் விட்ட இடத்தில், மாடியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் 3,000 ரூபா வாங்கினார். "புத்தகத்தில பதியோணும்" என்று அடையாள அட்டையையும் கேட்டார். கொடுத்தேன். எல்லாவற்றிலும் பெரிய பிழை அதுதான். அவர் அதைத் திருப்பித் தரவில்லை, போனில் படம் பிடித்துக்கொண்டார்.

சோபாவில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மலையகத் தமிழ் கதைத்தாள், இருபது வயதிருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்காமலே மெல்லச் சொன்னாள்: "அண்ணே, எந்திரிச்சுப் போயிருங்க." வேடிக்கை பார்க்க வந்தவன் நான். அவளோ எனக்காகப் பயந்தாள். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் அங்கே எப்படி வந்தாளோ, போக வழி இருக்கிறதோ, நான் கேட்கவில்லை.

எழும்பினேன். "ரூம் காசு 15,000" என்றார்கள். அறைக்கே போகவில்லையே என்று சொல்லி முடிப்பதற்குள் சிவில் உடையில் இரண்டு பேர் வந்து "பொலிஸ்" என்றார்கள். போனைப் பறித்து அம்மாவின் இலக்கத்தைத் தேடி எடுத்தார்கள். ஊருக்குச் சொல்லவா, இங்கேயே முடிக்கிறாயா? கீழே அதே ஓட்டோ நின்றது. அதே ஆள்தான் ஏ.டி.எம்முக்குக் கொண்டுபோனார். 40,000 எடுத்துக் கொடுத்தேன். வழி முழுக்க ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பிறகு ஒரு சட்டத்தரணி அண்ணாவிடம் கேட்டேன். உண்மையான பொலிஸ் சோதனை என்றால் நீதவானின் தேடுதல் ஆணையோடு வருவார்கள், பிடித்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள், தண்டம் விதிப்பதும் நீதிமன்றம்தான் என்றார். கையில் காசு கேட்கிறவனிடம் முதலில் அவனுடைய அடையாள அட்டையைக் கேளுங்கோ. காட்டாவிட்டால் "பொலிஸ் நிலையத்துக்கே போவோம்" என்று உரத்துச் சொல்லி 119க்கு அடியுங்கோ. உங்கள் அட்டையை மட்டும் எந்த மேசையிலும் வைக்காதீங்கோ.

அதோடு முடியவில்லை. ஊருக்கு வந்து எட்டாம் நாள் அழைப்பு: இன்னும் 25,000, இல்லையென்றால் அட்டையின் படமும் கதையும் அம்மாவுக்குப் போகும். இரண்டு இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், ஏசினாள், பிறகு தானே அம்மாவுக்குச் சொன்னாள். அடுத்த அழைப்பு வந்தபோது போனை அக்காதான் எடுத்தாள்: "வீட்டில எல்லாருக்கும் தெரியும். உங்கட நம்பரைப் பொலிஸில குடுத்தாச்சு." மறுமுனை உடனே வைத்துவிட்டது. அன்று பின்னேரமே எங்கள் ஊர் நிலையத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை.