விஸ்டா என்ஹான்சர் தரவுத்தளம்: நீலத்தை நம்பலாம், வெறுமையை நம்ப வேண்டாம்

உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ. இருந்தும், எந்த மரபணு எங்கே இயங்க வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை என்ஹான்சர் என்னும், மரபணுவைத் தூண்டிவிடும் டி.என்.ஏ. துண்டுகளும் அவற்றில் வந்து ஒட்டும் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களுமே. இதை வகுப்பில் சொல்வது எளிது. கண்ணால் காட்ட, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் நடத்தும் விஸ்டா என்னும் இந்த இலவசத் தளத்தைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

என்ஹான்சராக இருக்கக்கூடும் என்று கருதப்படும் மனித அல்லது சுண்டெலி டி.என்.ஏ. துண்டை, தான் இயங்கும் இடத்தைச் சாயத்தில் நீலமாகக் காட்டும் லாக்-இசட் மரபணுவுடன் இணைத்துச் சுண்டெலிக் கருவில் செலுத்தி, பெரும்பாலும் 11.5ஆம் நாளில் சாயமேற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். துண்டு வேலை செய்த திசு மட்டும் நீலமாகத் தெரியும். குறைந்தது 3 கருக்களில் ஒரே இடத்தில் நீலம் தெரிந்தால்தான் அது என்ஹான்சர் என்று ஏற்கப்படுகிறது. தோற்றுப்போன துண்டுகளையும் மறைக்காமல் வெளியிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

முதலில் பார்க்க வேண்டியது இசட்.ஆர்.எஸ். என்னும் துண்டு. கால், விரல் வளர்ச்சிக்குத் தேவையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை இயக்கும் இது, அதிலிருந்து சுமார் 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, எல்.எம்.பி.ஆர்.1 என்னும் வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது. கால் மொட்டின் பின்விளிம்பில் மட்டுமே இது வேலை செய்யும். இதில் ஓர் எழுத்து மாறினால்கூடக் கூடுதல் விரல் முளைக்கலாம். இதே ஆய்வகத்தினர் 2016இல், சுண்டெலியின் இசட்.ஆர்.எஸ். துண்டை நீக்கிவிட்டுப் பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் குட்டையாகிப்போயின. பாம்புகள் இழந்திருந்த 17 எழுத்துகளை, அதாவது இ.டி.எஸ்.1 காரணி ஒட்டும் இடம் உள்ள பகுதியை, மலைப்பாம்பின் துண்டில் மீண்டும் சேர்த்தபோது கால்கள் முறையாக வளர்ந்தன.

குறைகளும் உண்டு. நீலம் தெரியவில்லை என்றால் அந்த நாளில், அந்தச் சோதனையில் தெரியவில்லை என்பதே பொருள். வளர்ந்த விலங்கின் கல்லீரலில் அதே துண்டு இயங்கக்கூடும். பதிவில் தரப்படும் அண்டை மரபணுக்களின் பெயர்களை இலக்கு மரபணுக்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்டையில் இருப்பதே இலக்கு என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இசட்.ஆர்.எஸ். ஒன்றே போதும். எந்தக் காரணி ஒட்டுகிறது என்பதையும் படம் சொல்லாது. அதற்கு, ஒவ்வொரு காரணியும் எத்தகைய எழுத்துக் கோவையில் ஒட்டும் என்பதைத் தொகுத்துள்ள ஜாஸ்பர் தரவுத்தளத்துக்குப் போகலாம். ஆனால் அங்குள்ள குறுகிய எழுத்துக் கோவைகள் மரபணுத்தொகை நெடுகத் தற்செயலாகவும் பொருந்தும் என்பதால், பொருத்தம் கிடைத்தவுடனே ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டாம்.

கருவளர்ச்சி படிக்கும் முதுகலை மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதிர்ந்த திசுக்களில் ஆய்வு செய்பவர்கள், பல்வேறு செல்களிலும் திசுக்களிலும் டி.என்.ஏ.வின் இயங்கும் பகுதிகளைத் தொகுக்கும் என்கோட் திட்டத்தின் தரவுகளிலிருந்து தொடங்குவதே நல்லது.